ரசீது

முஹர்ரக்கில் எங்கள் இல்லத்துக் கூரையை
ஏறக்குறைய உரசிக்கொண்டுதான் விமானங்கள் இறங்கும்.
இரண்டு பத்துக்கு ஒன்று.
சன்னல் கண்ணாடிக்குப் பல் கிட்டும்.
ஏழாம் அறையில் அவர் எழுந்துவிடுவார்.

கோப்பில் அதற்குப் பெயர்
இரவு அலைச்சல்.
கீழே இன்னொரு வரி:
பிறர் பைகளைத் திறக்கிறார், கவனம்.

மரிசெல்லின் கைப்பையை,
டாக்டரின் பெட்டியை,
எதிர் அறைக்கு வந்த யாரோ மகளின்
மருந்துக்கடைப் பையை.
எதையும் எடுத்ததில்லை.
ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி,
துணியின் மடிப்பை விரலால் நீவிப் பார்த்து,
திரும்ப வைப்பார்
வைத்தவரைவிட ஒழுங்காக.

இங்கே எல்லாக் கிழவர்களும் பாபா.
பாபா சாப்பாடு, பாபா மாத்திரை,
பாபா காலைத் தூக்கு.
நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்
எட்டு மாதம்.

ஒரு வியாழக்கிழமை அவர் மகன்
பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார்.
சாம்பல் சட்டை, தோளில் பட்டை,
பின்னால் நீளமான மேசை,
மேசைமேல் வாய்பிளந்த பெட்டிகள்.
அப்பா ஏர்போர்ட் சுங்கத்தில், முப்பத்தோரு வருஷம் என்றார்,
ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

அந்த மேசை எனக்குத் தெரியும்.
தொண்ணூற்று நாலில் அதன் இந்தப் பக்கம் நின்றிருக்கிறேன்.
அட்டைப்பெட்டியின் கயிற்றை பிளேடால் அறுத்தது ஒரு கை.
கருவாட்டுப் பொட்டலத்தை மோந்து
ஓரமாகத் தள்ளி,
சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தது. போ.
அறுந்த கயிறு முடிச்சுக்கு எட்டவில்லை.
பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.
அந்தக் கை இதுவாக இருக்க வேண்டியதில்லை.
எத்தனை கைகள் இருந்திருக்கும்.
ஷைனி சிஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை.

அவரைக் குளிப்பாட்டுவதுதான் போர்.
இரண்டு பேர் பிடிக்க ஒருவர் உரிக்க,
அவர் கத்துவது சமையல்கட்டுவரை கேட்கும்.
எனக்கே புரிகிற அரபிதான்:
என் சட்டை. என் கடிகாரம். திருடர்கள்.

படம் வந்த மறுநாள்
கதவைத் தட்டினேன், திறந்திருந்த கதவைத்தான்.
முஃபத்திஷ், என்றேன்.
ஆய்வாளரே என்று அர்த்தம்.
தலை திரும்பியது.
முதுகு நாற்காலியைவிட்டு விலகி நிமிர்ந்தது.

என் பையை மேசைமேல் வைத்துத் திறந்தேன்.
தயிர்சாதம். எலுமிச்சை ஊறுகாய்.
கோடாலித் தைலம். மாற்றுச் சட்டை.
ஊருக்குப் பணம் அனுப்பிய சீட்டுகள், ரப்பர்பேண்டு போட்டு.
நிதானமாகப் பார்த்தார்.
மூடியைத் திருகி ஊறுகாயை மோந்தார்.
என் வயிறு ஒரு கணம் சுருண்டது.
அறுபதை நெருங்கும் ஆள்,
வயிறு மட்டும் அதே பழைய வயிறு.

பிறகு பில் புத்தகத்தை எடுத்தேன்,
மனாமா சந்தில் வாங்கியது, கார்பன் தாளோடு.
சட்டை ஒன்று. பனியன் ஒன்று.
கடிகாரம் ஒன்று, ஓடுகிறது.
குளியல் முடிந்ததும் திருப்பித் தரப்படும்.
பெற்றுக்கொண்டவர் ஆ. தவசிலிங்கம்.
தமிழில்தான் எழுதினேன், எனக்கு அரபி எழுத வராது.
வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தார்.
கையெழுத்தின் பக்கத்துக் காலியிடத்தைத் தட்டினார்.
தேதி.
போட்டேன்.

அன்று பொத்தான்களை அவரே கழற்றினார்.
நாலாவது மட்டும் சிக்கியது.
கையை நீட்டாமல் இருப்பது
எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரியாது.

ரசீதுக்கு எந்தக் கோப்பு தவசி, என்று
ஷைனி சிஸ்டர் சிரித்தார்.
அடுத்த வாரம் கார்பன் தாள் அவர் வாங்கிவந்தது.

பலிக்காத நாள்களும் உண்டு.
ரசீதைக் கிழித்து முகத்தில் எறிவார்.
என்னைக் கடத்தல்காரன் என்பார்.
அன்றைக்குக் குளியல் இல்லை, அவ்வளவுதான்,
ஈரத்துணியால் கையும் முகமும், அதுவும் கேட்டுவிட்டு.

இரண்டு பத்து.
கண்ணாடி நடுங்கி ஓய்கிறது.
விளக்கைப் போட்டு என் பையை வைக்கிறேன்.
பார்க்கிறார், மூடுகிறார்,
சாக்கட்டி இல்லாத விரலால் மேலே ஒரு கோடு.
யல்லா, போ. அடுத்த ஆள்.

நான் வெளியே போய்
தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு
மறுபடி கதவைத் தட்டுகிறேன்,
அடுத்த ஆள்.